உலை வெப்பத்தில் வேலை செய்தால் விந்தணு குறையுமா? என் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்

உலைமுனை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இதை வீட்டில் வாய்விட்டுப் பேசவே எனக்குப் பல மாதம் பிடித்தது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 33. கல்யாணமாகி மூன்று வருடம். இரும்பு வார்க்கும் ஆலையில் ஒன்பது வருடமாக உலைக்கு முன்னால் வேலை. குழந்தை தங்கவில்லை என்றதும் எல்லாப் பரிசோதனையும் முதலில் என் மனைவிக்குத்தான் நடந்தது. ரத்தம், ஸ்கேன், கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே முடிந்து வெளியே வந்தபோது நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் நார்மல் என்று தெரிய ஒன்றரை வருடம் ஆனது. அதற்கப்புறம்தான் ‘கணவரையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே’ என்றார்கள்.

என் ரிப்போர்ட்: ஒரு மில்லிக்கு 9 மில்லியன். அசைவு 24 சதவீதம். சரியான வடிவம் 2 சதவீதம். அளவு 1.8 மில்லி. சிகரெட், குடி எதுவும் கிடையாது.

மருத்துவர் முதலில் கேட்டது என் வேலையைப் பற்றித்தான். உருகிய இரும்பை வாங்கும்போது உடம்பின் முன்பக்கம் முழுவதும் காயும். தோல் ஏப்ரன் முழங்கால் வரை தொங்கும், அதற்குள் ஜீன்ஸ், அதற்குள் இறுக்கமான ஜட்டி. ஷிப்ட் முடிந்து பெல்ட்டைக் கழற்றினால் பக்கிள் விரலைச் சுடும். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

பரிசோதனைக்கு ஐந்து வாரம் முன்னால் 103 டிகிரி காய்ச்சல், நான்கு நாள் படுத்துவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெப்பம்தான் காரணமா? வேலையை விட்டால் திரும்ப வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கண்ணாடிவில்லை எழுதியது:

தம்பி, நான் ஆய்வகத்தில் 14 வருடமாக விந்துப் பரிசோதனை செய்கிறவள். உங்களைப் போல ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். முதலில் ஒன்று: ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரே ஆளின் எண்ணிக்கை ஒரு மாதத்துக்கு ஒரு மாதம் பாதியாகவும் ஆகும், இரட்டிப்பாகவும் ஆகும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை ஒரு மில்லிக்கு 16 மில்லியன், மொத்தமாக 39 மில்லியன், அசைவு 42 சதவீதம், வடிவம் 4 சதவீதம். இது ‘பாஸ் மார்க்’ இல்லை. ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் கடைசி 5 சதவீதம் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று போட்ட கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவர்கள் இருக்கிறார்கள், மேலே இருந்தும் ஆகாதவர்கள் இருக்கிறார்கள்.

மைக்ராஸ்கோப்பில் நான் பார்ப்பதைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். எண்ணுவதற்குக் கட்டம் போட்ட கண்ணாடி உண்டு. நல்ல மாதிரி என்றால் கட்டத்துக்குக் கட்டம் கோடு போட்டதுபோல நேராகக் கடந்து போகும், கண்ணால் பிடிப்பதே கஷ்டம். கடும் காய்ச்சல் வந்துபோனவரின் மாதிரியில் பல அணுக்கள் ஒரே இடத்தில் நின்று வாலை மட்டும் உதறும், சில வட்டமடிக்கும், சிலவற்றின் வால் சுருண்டு தலையோடு ஒட்டியிருக்கும். உயிரோடுதான் இருக்கும், போக வேண்டிய இடத்துக்குப் போகத் தெரியாது.

அந்தக் காய்ச்சல் முக்கியம். டென்மார்க்கில் 27 ஆரோக்கியமான ஆண்களைப் பல மாதம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2003இல் வந்தது. காய்ச்சல் கண்டவர்களுக்கு, அணுக்கள் உருவாகும் எந்தக் கட்டத்தில் காய்ச்சல் விழுந்தது என்பதைப் பொறுத்து, எண்ணிக்கை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உங்கள் காய்ச்சலுக்கும் பரிசோதனைக்கும் ஐந்து வாரம்தான் இடைவெளி. பாதிப்பு தெரியும் நேரத்தில்தான் மாதிரி கொடுத்திருக்கிறீர்கள்.

மாதிரி கொடுத்தபோது எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள்? முதல் துளி கீழே சிந்தியதா? அணுக்கள் அதிகம் இருப்பது அந்த முதல் பகுதியில்தான். வெட்கப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய.


உலைமுனை எழுதியது:

மூன்று நாள் இடைவெளி அக்கா. எதுவும் சிந்தவில்லை.


நேர்கோடு எழுதியது:

மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெப்பம் விந்தணுவைக் கெடுக்கும் என்றால் வெயில் கொளுத்தும் நாடுகளில் குழந்தையே பிறக்கக் கூடாதே? பாலைவனத்தில் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள். உடம்பின் உள்ளே எப்போதும் 37 டிகிரி. வெளியே 45 ஆனாலும் உள்ளே அதேதான். அப்படியிருக்க ஜட்டியையும் லேப்டாப்பையும் குற்றம் சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.


வெள்ளைமேசை எழுதியது:

நேர்கோடு, நல்ல கேள்வி. நான் சிறுநீரியல் மருத்துவர், ஆண்களின் குழந்தையின்மையைத்தான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. உள்ளே எப்போதும் 37 டிகிரி என்பதால்தான் விதைகள் உள்ளே இல்லை.

அவற்றுக்கு உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக வேண்டும். அதற்காக உடம்பு எவ்வளவு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது பாருங்கள். விதைப்பையின் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பே கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் நிறைய. குளிரில் சுருங்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வெக்கையில் தளர்ந்து தொங்கும். இதெல்லாம் வெளியே தெரிவது. உள்ளே இன்னொன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. விதைக்குப் போகும் தமனியைச் சுற்றி நுண்ணிய சிரைகள் கொடி படர்ந்ததுபோல வலை பின்னியிருக்கும். கீழே இறங்கும் சூடான ரத்தத்தின் வெப்பத்தை, ஆறி மேலேறும் சிரை ரத்தம் வழியிலேயே வாங்கிக்கொள்ளும். விதையைத் தொடும்போது ரத்தம் ஆறியிருக்கும். ஆண் ஒருவருக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது அந்த வலையை உருப்பெருக்கியில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

வெயில் நாட்டில் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது, அதனால் குழந்தைகள் பிறக்கின்றன. காற்று பட்டு வியர்வை ஆவியாகும்வரை வெளியே 45 டிகிரி இருந்தாலும் சமாளித்துவிடும். காற்றே புகாதபடி மூடிவிட்டு முன்னால் உலையை வைத்தால்தான் சிக்கல். அப்படியும் எல்லோருக்கும் பிள்ளை இல்லாமல் போய்விடாது. பெரும்பாலான ஆண்களிடம் தேவைக்கு மேல் பல மடங்கு அணுக்கள் இருக்கின்றன. பாதி போனாலும் தெரியாது. ஏற்கனவே விளிம்பில் இருக்கிறவருக்குத்தான் அந்தப் பாதி குழந்தைக்கும் குழந்தையின்மைக்கும் உள்ள தூரம்.

வெப்பம் மட்டுமே போதுமா என்பதற்கு நேரடிச் சான்றும் உண்டு. பிரான்சில் துலூஸ் நகரத்தில் ரொஜே மியூசே என்ற மருத்துவர் வெப்பத்தையே ஆண் கருத்தடையாக ஆராய்ந்தார். தனியாகத் தைத்த உள்ளாடையால் விதைகளைத் தினமும் 15 மணி நேரம் அடிவயிற்றை ஒட்டி மேலே தூக்கி வைப்பது, அவ்வளவுதான். சுமார் 2 டிகிரி ஏறும். சுமார் மூன்று மாதத்தில் எண்ணிக்கை ஒரு மில்லியனுக்கும் கீழே போனது, நிறுத்தியதும் சில மாதங்களில் திரும்ப ஏறியது. மருந்து இல்லை, ஊசி இல்லை, வெறும் 2 டிகிரி. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயன்று பார்க்காதீர்கள். பரிசோதனையோடு கண்காணிக்காவிட்டால் இது கருத்தடையே இல்லை.


நேர்கோடு எழுதியது:

2 டிகிரி போதும் என்று எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன் டாக்டர். ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. பெண்ணின் உடம்புக்குள் 37 டிகிரிதானே? அங்கே போய் அணு எப்படிப் பிழைக்கிறது?


கண்ணாடிவில்லை எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். நாங்களே அசைவைப் பார்க்கும்போது கண்ணாடித் தட்டை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் பார்ப்போம். குளிர்ந்தால் மந்தமாகிவிடும். உருவாகி முடிந்த அணுவுக்கு 37 டிகிரி ஒத்துக்கொள்ளும். உருவாக்கும் வேலைக்குத்தான் ஒத்துக்கொள்ளாது.


வெள்ளைமேசை எழுதியது:

அதேதான். அந்த உருவாக்கும் வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், உலைமுனையின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

ஒரு மூல அணுவிலிருந்து வாலுள்ள விந்தணு வர ஏறத்தாழ 74 நாள். பிறகு சுருள் குழாயில் நகர்ந்து, நீந்தப் பழகி வெளியே வர இன்னும் கொஞ்ச நாள். மொத்தத்தில் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் அதிகம் சாவது நடுவழியில் இருப்பவை, அதாவது குரோமோசோம்களை இரண்டாகப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கும் அணுக்களும், அதைத் தாண்டி இப்போதுதான் உருண்டையாக வந்து நிற்பவையும். தப்பிப் பிழைப்பவற்றிலும் சிலவற்றில் டிஎன்ஏ இழை அறுந்திருக்கும். ஆனால் ஆரம்பத்தில் இருக்கும் மூல அணுக்கள் நன்றாகவே தாங்கும். விதைநெல் பத்திரமாக இருப்பதுபோல. அதனால்தான் சூட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் மீண்டு வருகிறது.

இத்தாலியில் பதுவா நகரத்தில் 10 ஆண்களைச் சோதித்த ஆய்வு 2013இல் வந்தது. வாரம் இரண்டு முறை, 15 நிமிடம், 80 முதல் 90 டிகிரி சானா எனும் வெப்ப அறையில், மூன்று மாதம். எண்ணிக்கையும் அசைவும் இறங்கின. நிறுத்தி ஆறு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டன.

எனவே உலைமுனை, இன்றைக்கு நீங்கள் எதை மாற்றினாலும் அடுத்த மாதம் பலன் தேடாதீர்கள். மூன்று மாதம் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆண்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்கள் வேறு, அவை வெப்பத்தை இந்த அளவுக்குக் கண்டுகொள்வதில்லை. உறவில் எந்தக் குறையும் தெரியாமலேயே எண்ணிக்கை இறங்கியிருக்கலாம். ‘எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே, நான் எதற்குப் பரிசோதனைக்குப் போக வேண்டும்’ என்று ஆண்கள் ஒதுங்குவதற்கு இந்தக் குழப்பம்தான் காரணம். உங்கள் மனைவி அந்த எக்ஸ்ரே மேசையில் படுத்ததற்கு முன்னால் உங்கள் மாதிரியைப் பார்த்திருக்க வேண்டும். இருக்கும் பரிசோதனைகளிலேயே சுலபமானது இதுதான்.


சாய்வுநாற்காலி எழுதியது:

நான் வீட்டிலிருந்து கணினி வேலை செய்கிறேன். லேப்டாப்பை மடியில்தான் வைப்பேன். அடியில் தலையணை வைத்துக்கொண்டால் போதுமா?


வெள்ளைமேசை எழுதியது:

போதாது. 2005இல் ஸ்டோனி புரூக்கில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 29 பேரை வைத்து அளந்தார்கள். ஒரு மணி நேரம் லேப்டாப்போடு உட்கார்ந்தால் இடப்பக்கம் 2.6, வலப்பக்கம் 2.8 டிகிரி ஏறியது. லேப்டாப் இல்லாமல் அதே மாதிரி தொடைகளைச் சேர்த்து உட்கார்ந்தபோதே 2.1 டிகிரி ஏறியது. பாதிக்கு மேல் உட்காரும் விதத்தால் வருவதுதான். அதே குழு பிறகு அடியில் மெத்தைப் பலகை வைத்தும் பார்த்தது. ஒரு டிகிரி ஏற வெறும் லேப்டாப்புக்கு 11 நிமிடம், பலகையோடு 14 நிமிடம். கால்களை நன்றாக அகட்டி உட்கார்ந்தபோதுதான் 28 நிமிடம் ஆனது. மேசையில் வைத்துவிடுங்கள், நடுநடுவே எழுந்து நடங்கள்.


மாடிப்படி எழுதியது:

நான் பெண். இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் கணவர் நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர். முதலில் பரிசோதனைக்கு வரவே மாட்டேன் என்றார், அதிலேயே இரண்டு வருடம் போனது. பிறகு எண்ணிக்கை 3 மில்லியன் என்று வந்தது. நாங்கள் போன இடத்தில் ‘வண்டி ஓட்டும் சூடுதான், உள்ளாடையை மாற்றுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். அவர் வேறு வேலைக்குக்கூட மாறினார். ஒன்றும் ஏறவில்லை. வேறொரு மருத்துவர்தான் தொட்டுப் பரிசோதித்துவிட்டு ஹார்மோன் பார்க்கச் சொன்னார். விந்தணு உற்பத்தியைத் தூண்ட மூளையிலிருந்து வரும் எஃப்எஸ்எச் ஹார்மோன் மிக அதிகம். விதைகளே சிறியவை, உற்பத்தியே குறைவு. வெப்பத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அப்போது எனக்கு வயது 37. வெப்பத்தின் மேல் பழியைப் போட்டுக் காத்திருந்த அந்த மாதங்களை யாரும் திருப்பித் தர முடியாது.

உலைமுனை தம்பி, உள்ளாடையை மாற்றுங்கள், ஆனால் முழுப் பரிசோதனையையும் அதே வாரத்தில் செய்துவிடுங்கள். மனைவி வயதையும் கணக்கில் வையுங்கள்.


வெள்ளைமேசை எழுதியது:

மாடிப்படி அம்மா சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன். வெப்பம் என்பது கேட்டதும் நம்பிவிடக்கூடிய காரணம், அதனால்தான் கவனமாக இருக்க வேண்டும். உடல் பரிசோதனை, இரண்டாவது விந்துப் பரிசோதனை, எஃப்எஸ்எச், டெஸ்டோஸ்டிரோன். இவற்றைச் செய்யாமல் ‘சூடு’ என்று எழுதி அனுப்பக் கூடாது. மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம் முயன்றதுமே இருவரும் சேர்ந்து வர வேண்டும்.


இடதுபக்கம் எழுதியது:

நண்பரே, நின்றுகொண்டு இடது விதைக்கு மேலே தொட்டுப் பாருங்கள். புழுக்கள் சுருண்டிருக்கிற மாதிரி மெத்தென்று நெளிகிறதா? எனக்கு அப்படித்தான் இருந்தது. வெரிகோசில். டாக்டர் சொன்ன அந்தச் சிரை வலை வீங்கி, ரத்தம் தேங்கிவிடும். ஆற்றவேண்டிய ரத்தமே சூடாக நிற்கும். வெளியில் உலையே வேண்டாம், உள்ளேயே உலை. மாலையில் கனமாக இழுக்கும், படுத்தால் சரியாகும், அவ்வளவுதான் அறிகுறி. பல பேருக்கு அதுவும் இருக்காது.

நூறு ஆண்களில் 15 பேருக்கு இது உண்டாம். குழந்தையில்லாமல் வருகிற ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எனக்கு நுண் அறுவை சிகிச்சை செய்தார்கள், ஆறு மாதத்தில் 7 மில்லியன் 19 ஆனது.


கருங்கல் எழுதியது:

ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் கவுண்ட் ஏறும் என்கிறார்களே, உண்மையா? ஐஸ் ஒத்தடமும் சொன்னார்கள்.


வெள்ளைமேசை எழுதியது:

ஊசி வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் மூளை விதைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போகலாம். குழந்தை வேண்டும் என்கிற ஆணுக்கு இதைவிடக் கெடுதலான யோசனை இல்லை. ஐஸ் தோலைப் பொசுக்கிவிடும். தளர்வான பருத்தித் துணி போதும். 2018இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 656 ஆண்களைப் பார்த்ததில், தளர்வான பாக்ஸர் உள்ளாடை அணிபவர்களின் விந்தணு அடர்த்தி மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். ஒருவரே மாற்றிப் போட்டதால் ஏறியது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் செலவும் தீங்கும் இல்லாத மாற்றம், தயங்க வேண்டாம்.


உலைமுனை எழுதியது:

ஏழு மாதம் கழித்து வருகிறேன். மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இடதுபக்கம் நண்பர் சொன்னது சரி. தொட்டுப் பார்த்த மருத்துவர் இடப்பக்கம் இரண்டாம் நிலை வெரிகோசில் என்றார். ஹார்மோன்கள் நார்மல். ‘மூன்று மாதம் வெப்பத்தைக் குறைத்துப் பார்ப்போம், ஏறவில்லை என்றால் அறுவை சிகிச்சை’ என்றார். மனைவிக்கு 29 என்பதால் காத்திருக்க நேரம் இருந்தது.

வேலையை விடவில்லை, விட முடியாது. மேற்பார்வையாளரிடம் போய் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லலாம் என்று நினைத்தேன். கடைசி நேரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தனக்கும் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத்தான் குழந்தை என்றார். இப்போது நாங்கள் மூன்று பேர் முறை வைத்து உலைக்கு முன்னால் நிற்கிறோம், மற்ற நேரம் அச்சு தயாரிக்கும் பக்கம். வெப்பத்தைத் திருப்பியடிக்கும் ஏப்ரன் கேட்டு வாங்கினோம். ஜீன்ஸ் இல்லை, தொளதொளப் பருத்தி பேண்ட். பக்கிள் இப்போது சுடுவதில்லை.

இரண்டாவது ரிப்போர்ட்: 14 மில்லியன், அசைவு 31. போன வாரம் மூன்றாவது: 23 மில்லியன், அசைவு 44, வடிவம் 4. அறுவை சிகிச்சையை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். காய்ச்சல் எவ்வளவு, உலை எவ்வளவு, சிரை வீக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். குழந்தை இன்னும் இல்லை. ஆனால் ஒன்றரை வருடம் தனியாக மருத்துவமனைக்குப் போய்வந்தவளோடு இப்போது ஒவ்வொரு தடவையும் நான் போகிறேன்.

எங்களோடு 22 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான், கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு என்ன சொல்வது? இப்போதே பரிசோதனை செய்யச் சொல்லலாமா?


கண்ணாடிவில்லை எழுதியது:

படித்ததும் கண் கலங்கிவிட்டது தம்பி.

அந்தப் பையனுக்கு இப்போது பரிசோதனை தேவையில்லை. துணியை மாற்றச் சொல்லுங்கள், முறையில் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது ஒரு தடவை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு விதைகளும் பையில் இறங்கியிருக்கின்றனவா, இடப்பக்கம் நெளிகிறதா, ஏதாவது கட்டி தட்டுப்படுகிறதா என்று. ஒரு விதை இறங்காமலே 20 வயது தாண்டி வருபவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். குழந்தைப் பருவத்தில் ஒன்றரை வயதுக்குள் சரி செய்திருக்க வேண்டியது அது. அப்படி ஏதாவது இருந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மூன்றாவது ரிப்போர்ட்டில் அளவு எவ்வளவு? அதை எழுதவில்லையே.


உலைமுனை எழுதியது:

2.1 மில்லி அக்கா.


கண்ணாடிவில்லை எழுதியது:

அப்படியென்றால் மொத்தம் 48 மில்லியன். முதல் ரிப்போர்ட்டில் 16தான் இருந்தது. 39 என்ற கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். அடுத்த பரிசோதனையையும் அதே ஆய்வகத்தில், அதே மூன்று நாள் இடைவெளியில் கொடுங்கள். நடுவில் காய்ச்சல் வந்தால் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் தள்ளிப் போய்க் கொடுங்கள்.